தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை

ஆடிப் பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள் ஆண்டாளைச் சேவிக்கப் போவார்கள், தேர் பார்க்கப் போவார்கள், சிலர் கூட்டம் பார்க்கவே போவார்கள். சென்ற ஆடியில் நான் மதுரையிலிருந்து கிளம்பியது ஓர் ஆளைப் பார்க்க. அந்த ஆள் தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர். என் தங்கை சொர்ணத்துக்கு அவரை மாப்பிள்ளையாகச் சொல்லியிருந்தார்கள்.

கட்டை போடுவது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தேருக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுத்தால் அது போகிற போக்கில் போகும். அதை வளைக்கவும் நிறுத்தவும் ஒரே வழி, உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் சமயம் பார்த்து மரக்கட்டையைத் தள்ளுவதுதான். அதற்காக ஓர் ஆள், தன்னைவிட உயரமான சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடக்க வேண்டும். அவர் கால் இடறினால் தேர் அவருக்காக நிற்காது.

எங்கள் வீட்டில் அப்பா இல்லை. சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான். மாப்பிள்ளை பெயர் திருமலை, ராஜபாளையத்தில் மாந்தோப்புக் குத்தகைக்காரர். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை கட்டை போடுவார், அவ்வளவுதான் என்றார் தரகர். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. என் அக்கா இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து அவள் வாசற்படி தாண்டி நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்கு அப்படி ஒருத்தி போதும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிக்க மாட்டேன். மேகமே இல்லாவிட்டாலும் குடை இல்லாமல் கிளம்ப மாட்டேன். இந்தப் பழக்கமெல்லாம் அக்காவின் கணவரிடம் படித்தவை. அத்தான் இருந்த காலத்தில் யாருக்கு ஜாக்கிரதை அதிகம் என்று எனக்கும் அவருக்கும் போட்டியே உண்டு, எப்போதும் அவர்தான் ஜெயிப்பார். சொர்ணம் இதற்கு நேர்மாறு. அவள் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

மதுரையில் காலை ரயிலேறினால் மத்தியானத்துக்குள் சாத்தூர். மூன்றாம் வகுப்புக்கு ஏழணா. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயில் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். சாத்தூர் ஸ்டேஷன் வாசலில் மாட்டு வண்டி பிடிக்க வேண்டும், சிவகாசி வழியாக இருபத்து நான்கு மைல். திருவிழாக் காலத்தில் மூன்று ரூபாய் கேட்பார்கள், இரண்டரைக்கு வருவார்கள். எனக்கு வாய்த்த வண்டிக்காரர் மீரான் ராவுத்தர். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நான் இறங்கி நடப்பதைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, வாடகைய எனக்குக் குடுத்துட்டு நீங்க நடந்தே வாரீயளே, மாடு ஒங்களுக்குத் துவா செய்யும்” என்றார். அதோடு எங்களுக்குள் சிநேகம் உண்டாகிவிட்டது. நான் போகிற காரியத்தையும் அவரிடம் சொன்னேன்.

இரவு சிவகாசிச் சத்திரத்தில் படுத்துவிட்டு விடியற்காலம் கிளம்பினோம். வழியெல்லாம் கரிசல் காடு, ஆடிக்காற்று, வாய் நிறைய மண். திடீரென்று மேற்கே மலைக்கு முன்னால் கோபுரம் தெரிந்தது. ஊர் வந்துவிட்டது என்று நான் மேல்துண்டை உதறிக் கட்டிக்கொண்டேன். ராவுத்தர் சிரித்தார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் வண்டி போயிற்று, கோபுரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

தேருக்கு முந்தின நாள் அது. கட்டைக்காரர்கள் தேரடியில் உட்கார்ந்து கட்டைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். திருமலைக்கு இருபத்தேழு வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, சிரித்த முகம். ஆனால் மனிதர் ஓரிடத்தில் உட்காரவில்லை. எனக்கு மோர் வாங்கிவந்து பாதியைத் தரைக்குக் கொடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒரு கன்றுக்குட்டியின் கழுத்தைச் சொறிந்துவிட்டு வந்தார். விரல் எந்நேரமும் தொடையில் தாளம் போட்டது. இந்தக் கையா சக்கரத்துக்கு அடியில் கட்டை தள்ளப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“எங்க வீட்டுச் சம்பந்தம் எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“ஒங்க தங்கச்சிய சித்திரத் திருழாவுல பாத்தேன் அண்ணாச்சி” என்றார். “யானை மிரண்டு கூட்டமெல்லாம் ஓடுச்சே, அன்னைக்கி. அவிய மட்டும் தூண் பக்கத்துல நின்னு யானையவே பாத்துக்கிட்டு நின்னாவ. மொகத்துல அம்புட்டுச் சந்தோசம். கட்டுனா இவியளத்தான் கட்டணும்னு அப்பவே நெனச்சிட்டேன்.”

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலில் ஓடியவன் நான். சொர்ணம் பின்னால் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு மேலக் கோபுர வாசல் வரைக்கும் ஓடினேன்.

நான் விஷயத்துக்கு வந்தேன். பெண் கொடுக்கிறேன், ஆனால் இனி கட்டையைத் தொடக் கூடாது, நாளைக்கே தொடக் கூடாது என்றேன். விரல் தாளம் நின்றது. கட்டையின்மேல் கையை வைத்து, “நாச்சியார் மேல ஆணை, தொட மாட்டேன்” என்றார். பக்கத்தில் இருந்த மற்றக் கட்டைக்காரர்கள் எண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, கட்டயத் தொட்டு வாங்குன சத்தியத்த நெனச்ச ஒடனே திரும்பி எடுக்க முடியாது. வாங்குனவிய கையாலேயே கட்டய எடுத்துக் குடுத்தாத்தான் தீரும், அதும் வடம் பிடிச்ச பொறவு. தெரிஞ்சிதான கேட்டிய?” என்றார். இதையெல்லாம் நான் எங்கே திரும்பி எடுக்கப்போகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு, நிம்மதியாகச் சத்திரத்தில் போய்த் தூங்கினேன்.

மறுநாள் தேர் புறப்பட்டது. அதை எழுத்தில் சொல்ல எனக்குத் திராணி இல்லை, நீங்களே போய்ப் பாருங்கள். வீடுகளுக்கு நடுவே ஒரு வீடு எழுந்து நடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. திருமலை வடத்தைப் பிடித்திருந்தார். கண் மட்டும் வலது முன்சக்கரத்தை விட்டு அகலவில்லை. அங்கே அவருக்குப் பதிலாக வேறொருவர் கட்டை போட்டார். கெட்டிக்காரர்தான், ஆனால் அந்தச் சக்கரம் அவருக்குப் பழக்கமில்லை. முதல் வீதி முழுக்கப் போன தேர், திருப்பத்தில் ஒரு வீட்டுச் சுவரைப் பார்க்கப் போய், அப்படியே நின்றுவிட்டது. இதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. இந்தத் தேர் நிலைக்குத் திரும்ப நாள் கணக்காகும், சில வருஷம் வாரக் கணக்காகும் என்று கூட்டத்தில் ஒருவர் பெருமையாகவே சொன்னார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இன்னும் ஆள் திரட்டி நாளைக்கு மறுநாள் இழுப்பார்கள் என்று தெரிந்தது.

“நடுவுல ஒரு நாள் கெடக்கே, எங்க ஊருக்கு வாங்க” என்று திருமலை கூப்பிட்டார். ராஜபாளையம் ஏழு மைல். திரும்பும் சவாரிக்காகக் காத்திருந்த ராவுத்தரின் வண்டியில் போனோம், முக்கால் ரூபாய். கொஞ்ச தூரம் போனதும் திருமலை மூக்கணாங்கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். நின்றுகொண்டே வண்டியை ஓட்டினார். எதிரே பஞ்சு ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்தன. அவற்றுக்கும் புளியமரங்களுக்கும் நடுவே இருந்த சந்தில் எங்கள் வண்டி புகுந்து வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். பின்னால் யாரோ தெலுங்கில் வைதது மட்டும் காதில் விழுந்தது. ராவுத்தர் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, “மாப்பிள, இது மாடு, குதிர இல்ல” என்றார்.

திருமலை வீட்டில் அம்மா மட்டும்தான். நல்ல மனுஷி. சோற்றுக்குப் பிறகு மாங்காய் ஊறுகாயோடு மகனுடைய கதையையும் பரிமாறினார். “கட்ட போடுத வருசம் ஒழுங்கா இருப்பான் தம்பி. முன்னாடி ஒரு மாசம் வெரதம், நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். தேர் நெலைக்கு வந்த பொறவும் அம்புட்டுச் சாந்தமா இருப்பான். ஒரு வருசம் காய்ச்சல்ல கட்ட போட முடியல. அந்த வருசந்தான் பன்றி வேட்டைக்குப் போயி தொடையக் கிழிச்சிக்கிட்டு வந்தான்.” அந்தம்மாள் இதை என்னிடம் எதற்குச் சொன்னார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஊறுகாய் அவ்வளவு நன்றாக இருந்தது.

வெயில் தாழத் தோப்புக்குப் போனோம். ஊருக்கு மேற்கே ஆறு மைல், மலையடிவாரம். அந்தப் பக்கத்துச் சாரலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அனுபவித்தேன். வெயிலும் தூறலும் ஒன்றாக விழுந்தன. வெள்ளை வெளேரென்று ஒரு வேட்டை நாய் எங்கள் கூடவே வந்தது. அதற்கு என் குடையைக் கண்டால் ஆகவில்லை. திருமலை உச்சாணிக் கிளையில் தப்பியிருந்த ஒரே ஒரு மாம்பழத்துக்காக, என் சுண்டுவிரல் பருமன் கிளையில் கால் வைத்து ஏறினார். கடைசிப் பருவத்துப் பழம், புளித்தது. எனக்காகத்தான் ஏறினார் என்பதால் நல்ல இனிப்பு என்று சொல்லித் தின்றேன்.

அப்புறம் ராவுத்தரையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனோம். மலையில் நல்ல மழை போலிருக்கிறது, ஓடை செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. நான் பத்தடி தள்ளியே நின்றேன். அப்போதுதான் அந்த நாய் குடையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. நான் திடுக்கிட்டுக் கையை உதற, காற்று குடையை வாங்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டது. ‘போனால் போகிறது’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வெளியே வருவதற்குள் திருமலை ஓடையில் இருந்தார்.

தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. பிறகு தெரியவேயில்லை. நாங்கள் கரையோரமாகப் பாறைகளில் விழுந்தடித்து ஓடினோம். நானும் ஓடினேன், பாசி படிந்த பாறை என்று பார்க்கவில்லை. ஓடும்போது என் மனசில் இருந்தது சொர்ணம் இல்லை, என் அக்கா. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு இருந்த முகம். ஒரு பர்லாங்கு தூரத்துக்கு அப்பால் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு திருமலை கரையேறினார். நெற்றியில் ரத்தம். கையில் குடை, மூன்று கம்பி ஒடிந்திருந்தது. என்னிடம் அதை நீட்டிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். ராவுத்தர்தான் பேசினார்.

“குட ஒண்ணர ரூவா இருக்கும். ஆளு எம்புட்டு அண்ணாச்சி?”

வண்டி திரும்பும் வழியில் நான் கேட்டேன், உமக்குப் பயமே கிடையாதா என்று. திருமலை யோசித்தார். குளிரில் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, விரல் மட்டும் பழையபடி தாளம் போட்டது.

“பயம் இல்லாம எப்படி? நெறைய இருக்கு. ஆனா அது இருந்தாத்தான் நான் இருக்கேன்னு தெரியுது. கட்ட கையில இருக்கப்போ அது ஒரே எடத்துல நிக்கும், சக்கரத்துக்கிட்ட. கத்திச் சொல்ல ஆளு இருக்கு, பிடிச்சி இழுக்க ஆளு இருக்கு. கட்ட இல்லன்னா அது எங்க நிக்கும்னே தெரிய மாட்டேங்குது அண்ணாச்சி. தேடிக்கிட்டே போறேன்.” பிறகு சத்தியத்தை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. “நான் தொட மாட்டேன். அத நெனச்சி நீங்க வெசனப்பட வேண்டாம்” என்றார்.

அன்றைக்கு நான் புரிந்துகொண்டதை என்னைப் போன்ற ஜாக்கிரதைக்காரர்களுக்காக எழுதுகிறேன். ஆபத்தை விரும்புகிறவர்களை நாம் முரடர்கள், பொறுப்பில்லாதவர்கள் என்று நினைக்கிறோம். ஆபத்தை எடுத்துவிட்டால் அவர்கள் நம்மைப் போல ஆகிவிடுவார்கள் என்றும் நினைக்கிறோம். பசிக்கிற பிள்ளையின் தட்டைப் பறித்தால் பசி போய்விடுமா? அது கண்டதைத் தின்னும். இவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முறையோடு, துணையோடு ஓர் ஆபத்து இருந்தது. அதை நான் பிடுங்கினேன். ஒரே நாளில் அவர் மாட்டையும் மரத்தையும் ஓடையையும் தேடிப்போய்விட்டார்.

மறுநாள் காலையில் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். வடம் முறுக்கேறியிருந்தது. “கோவிந்தா” என்ற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. கட்டைக்காரர்களில் மூத்தவரிடம் போய், சத்தியத்தைத் திருப்ப வந்திருக்கிறேன் என்று கத்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வலது முன்சக்கரத்துக் கட்டையைக் காட்டினார். நான் அதைத் தூக்கினேன். எண்ணெய் வழுக்கியது. பாரம் தோளை இழுத்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் திருமலை நின்றிருந்தார். எங்களுக்கு நடுவே ஏழெட்டு அடிதான் இருக்கும்.

அந்த ஏழெட்டு அடியைப் பற்றிச் சொல்கிறேன். சக்கரம் என் தலைக்கு மேல் நின்றது. முதல் அடியில் கால் வரவில்லை. இரண்டாவது அடியில் மரம் நெரிபடுகிற சத்தம், தேர் அசையத் தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் கூட்டத்தின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சக்கரத்தில் அடித்திருந்த இரும்புப் பட்டையும், அதில் ஒட்டியிருந்த ஒரு துளசி இலையும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. நாற்பது வயதில் ஒரு பொருளை முதல் தடவையாக முழுசாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. நாளைக்கு என்ன, அடுத்த மாதம் என்ன என்று எந்நேரமும் என் மண்டைக்குள் ஓடுகிற கவலை அந்த நேரம் ஓடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

கட்டை என் கையை விட்டுப் போயிற்று. “மச்சான், கால எடுங்க” என்றார் திருமலை. அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர். குரலில் அவசரமே இல்லை. யாரோ என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் குனிந்து சக்கரத்தோடு நடந்துகொண்டிருந்தார். மோரைச் சிந்திய கை, தொடையில் தாளம் போட்ட கை, இப்போது கொஞ்சம்கூட ஆடவில்லை. தேர்த்தட்டில் நின்றவர் துணியை வீசிச் சைகை காட்டினார். திருமலை கட்டையைத் தள்ளினார், உருவினார், மறுபடி தள்ளினார். தேர் சுவரை விட்டு விலகிச் சாதுவாகத் திரும்பி அடுத்த வீதியில் இறங்கியது. நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். தேர் நிலைக்கு வருவதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவேன் என்று சங்கற்பம் செய்துகொண்டு போகாதீர்கள், எப்போது வரும் என்பது தேருக்கே தெரியாது. சத்திரத்தில் இடம் கிடைக்க இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். தேர் பார்க்க வீதித் திருப்பம்தான் நல்ல இடம், நேர் வீதியில் முதுகுகள்தான் தெரியும். சாத்தூரில் வண்டி பேசும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ராஜபாளையம் போனால் மலையடி ஓடையைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். குடையை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், கொதித்து ஆறிய தண்ணீர். கதவுக்குப் பின்னால் சொர்ணத்தின் வளையல் சத்தம் கேட்டது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வழியெல்லாம் சம்மதம் என்று முடிவு செய்துகொண்டு வந்தவன், அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் தடுமாறிவிட்டேன். “ஆள் தங்கம். ஆனா சக்கரத்துக்கு அடியில போற ஆளு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா...” என்று இழுத்தேன்.

அக்கா வழக்கமாக இந்தப் பேச்சில் எல்லாம் கலந்துகொள்ள மாட்டாள். அன்றைக்குச் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒங்க அத்தான் பச்சத் தண்ணி குடிச்சது கெடையாது. மழையில நனஞ்சது கெடையாது. நாலு நாள் காய்ச்சல், போய்ட்டாக. அவுக எந்தத் தேருக்கு தம்பி கட்ட போட்டாக?”

நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றிருந்தது. “தை மாசத்துல நாள் பாக்கச் சொல்றேன்” என்றேன்.

கம்பி ஒடிந்த குடையைச் சொர்ணம் எடுத்துக்கொண்டுபோய்த் தன் பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறாள். ரிப்பேருக்குக் கொடுக்கக் கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். வருகிற ஆடிக்கு எந்த இடத்தில் நின்றால் வலது முன்சக்கரம் நன்றாகத் தெரியும் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொண்டாள். தலை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வருகிறவளோடு நானும் கூடப் போகிறேன். ராவுத்தருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், மூன்று பேர் உட்காருகிற மாதிரி வண்டியில் நிறைய வைக்கோல் போட்டு வைக்கும்படி. அக்காவும் வருகிறாள்.